தங்கச்சி குழந்தை கால் அசைக்கவில்லை, தலை ஸ்கேன் நார்மல் என்கிறார்கள். வேறு எதைப் பார்க்கச் சொல்வது?

பட்டறை மாமா (கேள்வி)

வணக்கம். ராசிபுரம் பக்கம் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறேன். மருத்துவம் பற்றி ஒன்றும் தெரியாது. தப்பாக ஏதாவது எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு இது இரண்டாவது பிரசவம். பெண் குழந்தை, 2.7 கிலோ. இன்றைக்கு 11-வது நாள், இன்னும் குழந்தைகள் ஐசியுவில்தான் இருக்கிறாள். 34-வது வார ஸ்கேனிலேயே தலை மேலே, கால் கீழே என்று சொல்லிவிட்டார்கள். திரும்பாவிட்டால் ஆபரேஷன் என்று திங்கட்கிழமைக்கு நாள் குறித்திருந்தது. சனிக்கிழமை ராத்திரியே பனிக்குடம் உடைந்துவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் போய் இறங்கும்போதே ஒரு கால் வெளியே வந்துவிட்டதாம். இனி ஆபரேஷனுக்கு நேரம் இல்லை என்று அப்படியே பிரசவம் பார்த்தார்கள். தோள் வரைக்கும் வந்து தலை மாட்டிக்கொண்டது. 'ரொம்ப நேரம் இழுத்தாங்கண்ணா' என்கிறாள் தங்கை. சீட்டில் 4 நிமிடம் என்று எழுதியிருக்கிறது. வலியில் கிடப்பவளுக்கு 4 நிமிடமும் ரொம்ப நேரம்தான். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை.

பிறந்ததும் அழவில்லை. பையை அமுக்கி மூச்சு கொடுத்தார்கள். பிறந்த குழந்தையின் நிலையைப் பார்த்துப் பத்துக்குப் போடும் அப்கர் மார்க் 1-வது நிமிடத்தில் 3, 5-வது நிமிடத்தில் 6. 108-இல் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் மூச்சு மெஷின், அப்புறம் மூக்கு வழியாகக் காற்றழுத்தம், இப்போது ஆக்சிஜன் மட்டும். 'பிறக்கும்போது மூச்சுத்திணறல், மூளைக்கு ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், போகப் போகத்தான் தெரியும்' என்று சொல்லியிருக்கிறார்கள். உச்சிக்குழி வழியாக எடுக்கும் ஸ்கேன் இரண்டு தடவை எடுத்தார்கள், இரண்டும் நார்மல். வலிப்பு ஒரு முறைகூட வரவில்லை.

என்னை உறுத்துவது இதுதான். மூளை அடிபட்ட குழந்தை மாதிரி அவள் எனக்குத் தெரியவில்லை. பக்கத்துத் தொட்டிலில் அப்படி ஒரு குழந்தை இருக்கிறது, அது கண்ணே திறப்பதில்லை. இவள் முழித்துக்கொண்டு நம் முகத்தையே பார்க்கிறாள். கொட்டாவி விடுகிறாள், தும்முகிறாள், பாலாடையில் பால் வைத்தால் நாக்கை நீட்டுகிறாள். அழுகிறாள், ஆனால் சத்தம் வருவதில்லை, ரேடியோவைக் குறைத்து வைத்த மாதிரி. மூச்சு விடும்போது வயிறு மேலே வருகிறது, நெஞ்சு உள்ளே போகிறது. இரண்டு கையும் முழங்கையில் மடங்கியே இருக்கிறது, நீட்டுவதே இல்லை. உள்ளங்கையில் விரலைக் கொடுத்தால் பிடிப்பதில்லை. மூத்தவன் பிறந்தபோது என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டான். அதனால்தான் இது எனக்குத் தெரிந்தது.

கால் ஒரு வாரம் துணி மாதிரி கிடந்தது. 9-வது நாளிலிருந்து பாதத்தைத் தொட்டால் சுருக்கென்று மடக்குகிறாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், மாப்பிள்ளை ஐசியு வாசலிலேயே அழுதுவிட்டார். ஆனால் தொடாமல் தானாக ஒரு தடவைகூட அசைத்து நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மூளைக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போகிறார்கள். 'கழுத்தில் இழுத்ததில் ஏதாவது ஆகியிருக்குமா' என்று டியூட்டி டாக்டரிடம் கேட்டேன். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். மாப்பிள்ளையோ, 'என்ன நோய் என்று தெரிந்து மட்டும் என்ன ஆகப் போகிறது, மருந்தா இருக்கிறது' என்கிறார். எங்கள் அம்மா, வீட்டுக்கு வந்ததும் உரம் எடுத்தால் சரியாகிவிடும் என்று ஆள் சொல்லி வைத்திருக்கிறார்.

நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?


செம்பருத்தி

கவலைப்படாதீங்க அண்ணா. என் அக்கா பையனுக்கும் பிறக்கும்போது தோள் மாட்டி, கை அசையாமல் இருந்தது. நரம்பு இழுபட்டிருக்கு என்றார்கள். பிசியோ செய்து 3 மாதத்தில் நன்றாகிவிட்டது. கால்தான் மடக்குகிறாளே, நல்ல அறிகுறி. தேங்காய் எண்ணெய் காய்ச்சித் தடவி, கை கால் நீவி விடுங்கள்.


நைட் டியூட்டி

தம்பி, நான் ஓய்வு பெற்ற நர்ஸ். பச்சிளங்குழந்தை வார்டில் 27 வருஷம், அதில் பாதி ராத்திரி டியூட்டி. நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் தேவையில்லாமல் பயப்படவில்லை.

முதல் வேலை, அம்மாவிடம் சொல்லி அந்த உரம் எடுக்கிற ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்கள். சேலையில் போட்டு உருட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, கழுத்தைச் சுற்றி நீவுவது, எதுவும் கூடாது. செம்பருத்தி நல்ல மனசோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் நீவி விடுவதும் இப்போதைக்கு வேண்டாம். கழுத்தில் என்ன என்று படம் எடுத்துத் தெரிகிறவரை தலையும் உடம்பும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். பக்கம் மாற்றிப் படுக்க வைக்கும்போது ஒருவர் தலையைப் பிடித்து, இன்னொருவர் உடம்பைப் பிடித்து, மரக்கட்டையைப் புரட்டுகிற மாதிரி சேர்த்துத் திருப்ப வேண்டும். இதை ஐசியு சிஸ்டர்களிடமும் சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

அடுத்து அந்தக் கால் மடக்குவது. எப்படிச் சொல்வது என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். பாதத்தைத் தொட்டதும் கால் சுருங்குவதற்கு மூளையிலிருந்து தகவல் வர வேண்டியதில்லை. தண்டுவடத்தின் கீழ்ப்பாதி மேலே தொடர்பு இல்லாமலேயே அதைச் செய்யும். அடிபட்ட முதல் சில நாள் தண்டுவடம் அதிர்ச்சியில் இருக்கும், அப்போது கால் துணி மாதிரி கிடக்கும். அது விலகியதும் இந்தச் சுருக்கம் வரும். உங்கள் குழந்தைக்கு 9-வது நாளில் வந்திருப்பதும் அப்படியாகவே இருக்கலாம். என் கண்ணெதிரிலேயே இதைப் பார்த்து 'கால் அசைகிறது' என்று நோட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். நானும் ஒரு தடவை எழுதியிருக்கிறேன்.

நீங்கள் பார்க்க வேண்டியது காலை இல்லை, முகத்தை. ரத்தம் எடுக்கக் குதிகாலில் குத்துவார்கள் இல்லையா, அப்போது குழந்தையின் முகத்தைப் பாருங்கள். கால் இழுத்துக்கொள்ளும், ஆனால் முகம் சுளிக்கிறதா? அழ வாய் கோணுகிறதா? கால் மட்டும் மடங்கி, முகம் எதுவுமே நடக்காத மாதிரி உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், குத்தின வலி மேலே போய்ச் சேரவில்லை. அதே ஊசி தோளிலோ கன்னத்திலோ பட்டால் கத்துவாள். எந்த இடத்தில் முகம் மாறுகிறது என்று கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டே வந்தால் ஒரு எல்லை கிடைக்கும். மூச்சுத்திணறலில் மூளை பாதித்த குழந்தைக்கு இப்படி ஒரு கோடு போட்ட எல்லை இருக்காது.

இன்னொன்று டயப்பர். ஒரேயடியாக நனைந்து, அப்புறம் கொஞ்ச நேரம் காய்ந்து இருக்கிறதா, இல்லை எப்போதும் லேசாக ஈரமாகவே இருக்கிறதா? அடிவயிறு உப்பி, மெல்ல அழுத்தினால் சிறுநீர் சொட்டுகிறதா? துடைக்கும்போது ஆசனவாய் சுருங்குகிறதா, இல்லை திறந்தே இருக்கிறதா? இதெல்லாம் துணி மாற்றுகிறவர் கண்ணில்தான் படும். ரவுண்ட்ஸ் வரும்போது குழந்தையைச் சுத்தமாகச் சுற்றி வைத்திருப்போம். கண்ணையும் பாருங்கள், ஒரு பக்க இமை கொஞ்சம் இறங்கி, அந்தப் பக்கத்துக் கருவிழி ஓட்டை சின்னதாக இருக்கிறதா என்று. கழுத்தின் அடிப்பகுதி நரம்பு பாதித்தால் அப்படி வரும்.

சண்டைக்குப் போக வேண்டாம். எம்ஆர்ஐ எப்படியும் எடுக்கத்தான் போகிறார்கள். 'மூளைக்கு எடுக்கும்போதே கழுத்திலிருந்து வால் எலும்பு வரைக்கும் முதுகுத்தண்டையும் சேர்த்து எடுத்துவிடலாமா டாக்டர்? இழுத்த பிரசவம், அதனால் கேட்கிறேன்' என்று மட்டும் கேளுங்கள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில், தங்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். தாய் கேட்டால் எடுபடும். இந்த வயசில் பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டாம். வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுக்கிச் சுற்றினால் மெஷினுக்குள் தூங்கிவிடும்.


ஊர் திரும்பிய டாக்டர்

குழந்தை மருத்துவர்தான். நேரில் பார்க்காமல் நோயைச் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் சிஸ்டர் சொன்ன திசை சரி. மாமாவின் வர்ணனை பல கேஸ் ஷீட்டுகளைவிடத் தெளிவாக இருக்கிறது.

எக்ஸ்ரே நார்மல் என்ற வார்த்தை பலரை ஏமாற்றியிருக்கிறது. பச்சிளங்குழந்தையின் முதுகெலும்புத் தொடர் பாதி குருத்தெலும்பு, தசைநார்களும் நெகிழ்வானவை. இழுத்தால் அந்தத் தொடர் ஏறக்குறைய 5 செ.மீ. வரை நீண்டு கொடுக்கும். உள்ளே இருக்கும் தண்டுவடமோ 6 மி.மீ. அளவுக்கு மேல் தாங்காது. எலும்பு நீண்டு, பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிடும். எக்ஸ்ரே அந்தத் திரும்பி வந்த எலும்பைத்தான் படம் பிடிக்கிறது. சிடி ஸ்கேனும் தண்டுவடத்தை அவ்வளவாகக் காட்டாது. எம்ஆர்ஐதான் வேண்டும், அதிலும் ரத்தக்கசிவைத் தனியாகக் காட்டும் படங்களையும் சேர்த்து எடுக்கச் சொல்ல வேண்டும். குழந்தையை எம்ஆர்ஐக்கு நகர்த்த முடியாத நிலை என்றால் படுக்கையிலேயே அல்ட்ராசவுண்ட் செய்யலாம். முதுகெலும்பின் பின்பக்க வளையங்கள் இன்னும் முழுதாக எலும்பாகாததால் முதல் சில மாதங்கள் அந்த ஜன்னல் திறந்திருக்கும். வீக்கம், ரத்தக் கட்டு ஓரளவு தெரியும். இது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை.

இப்போது மாமா எழுதியதைக் கழுத்தின் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். மூச்சுக்கு உதவும் உதரவிதானத்தின் நரம்பு கழுத்தின் 3, 4, 5-வது மட்டங்களிலிருந்து புறப்படுகிறது. விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள தசைகளின் நரம்பு மார்பு மட்டத்தில். வயிறு ஏறுகிறது, நெஞ்சு உள்வாங்குகிறது என்றால் முதலாவது வேலை செய்கிறது, இரண்டாவது செய்யவில்லை. முழங்கையை மடக்குவது 5, 6. நீட்டுவது 7. விரலால் பிடிப்பது 8-ம், மார்பின் 1-ம். மடங்குகிறது, நீளவில்லை, பிடிக்கவில்லை. மூன்றும் கழுத்தின் அடிப்பகுதியைக் காட்டுகின்றன. கால் முன்னால் வந்து தலை மாட்டும் பிரசவத்தில் இழுவிசை போய்ச் சேருவதும் பொதுவாக அங்கேதான். தலை முதலில் வரும்போது ஆயுதம் போட்டுத் திருப்பினால் முறுக்கு மேல் கழுத்தில் விழும். கனடாவிலிருந்து 1993-ல் வெளியான, இப்படிப்பட்ட 22 குழந்தைகளைப் பற்றிய ஒரு கட்டுரையிலும் இந்தப் பிரிவினை தெரிந்தது. 14 பேருக்கு மேல் கழுத்தில் அடி, 6 பேருக்குக் கழுத்தும் மார்பும் சேரும் இடத்தில்.

செம்பருத்தி சொன்ன தோள் நரம்பு இழுபடுதல் வேறு. அதில் பெரும்பாலும் ஒரு கை, காலுக்குச் சம்பந்தமே இல்லை. இரண்டு கையும் பாதித்திருந்தால் தண்டுவடத்தைச் சந்தேகிக்காமல் விடக் கூடாது.

வேறு காரணங்களையும் ஒதுக்க வேண்டும். முகம் விழிப்பாக, உடம்பு தளர்வாக, வயிற்றால் மூச்சு என்று வரும் இன்னொரு நோய் எஸ்எம்ஏ என்கிற மரபணு நோய். அதில் நாக்கில் மெல்லிய துடிப்பு இருக்கும், உணர்ச்சி குறையாது, சிறுநீர்ப் பையும் ஒழுங்காக வேலை செய்யும். ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை உண்டு. அதற்கு இப்போது மருந்து இருப்பதாலும், எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு பலன் என்பதாலும் சந்தேகம் இருந்தால் அனுப்பிவிடுவது நல்லது. தொப்புள் தமனி வழியாகக் குழாய் போட்டிருந்தார்களா என்றும் கேளுங்கள். அரிதாக அதனால் ரத்தக் கட்டி அடைத்துத் தண்டுவடத்துக்கு ரத்த ஓட்டம் நிற்கலாம், ஆனால் அது கையைத் தொடாது.

மூச்சுத்திணறலும் தண்டுவடக் காயமும் ஒரே குழந்தைக்குச் சேர்ந்தே வரலாம். முதலாவது கண்ணை மறைப்பதால்தான் இரண்டாவது தப்பிப் போகிறது. உங்கள் டாக்டர்கள் கவனக்குறைவானவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. நான் படித்த காலத்திலிருந்து இதுவரை இரண்டே இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன், முதலாமவனை நானும் தவறவிட்டேன்.


தூத்துக்குடி அம்மா

பட்டறை அண்ணா, உங்கள் மாப்பிள்ளை கேட்ட கேள்விக்குத்தான் பதில் எழுத வந்தேன். என்ன நோய் என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது என்று என் வீட்டுக்காரரும் கேட்டார்.

என் மகனுக்கு 9 வயது. அவனும் கால் முன்னால் வந்தவன். கை இரண்டும் நன்றாக இருந்ததால் யாரும் முதுகை நினைக்கவில்லை. நாலாவது மாதத்தில் கால் விறைக்க ஆரம்பித்தது, கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். மூளைக்கு மட்டும் எம்ஆர்ஐ எடுத்தார்கள், ஏதோ சின்ன மாற்றம் இருந்தது. மூளை முடக்குவாதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நாங்களும் ஒரு வருஷம் அதற்குத்தான் பிசியோ போனோம்.

அந்த ஒரு வருஷத்தில் ஐந்து தடவை காய்ச்சல். பல் முளைக்கிறது என்றார் மாமியார், சளி என்றார் மருந்துக்கடைக்காரர். 14-வது மாதத்தில் காய்ச்சல் 104-ஐத் தொட்டு அட்மிட் பண்ணினோம். வயிற்று ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தது. சிறுநீர்ப் பை காலியாகவே இல்லை. நிரம்பி வழிந்ததைத்தான் நான் ஒழுங்காகப் போகிறான் என்று நினைத்து டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த ஒரு சின்ன வயசு டாக்டரம்மாதான் முதுகைத் தடவிக்கொண்டே 'பிரசவம் எப்படி ஆனது' என்று கேட்டார். 14 மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டார். முதுகுக்கு எம்ஆர்ஐ எடுத்தால் மேல் மார்பு இருக்கும் இடத்தில் தண்டுவடம் மெலிந்து நூல் மாதிரி இருந்தது.

கால் வரவில்லை அண்ணா. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து 4 மணி நேரத்துக்கு ஒரு முறை குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்கிறோம். இப்போது அவனே போட்டுக்கொள்வான். அதற்கப்புறம் அந்தக் காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. வலது சிறுநீரகம் கொஞ்சம் சுருங்கிப் போனதுதான் மிச்சம். முதல் மாதத்திலேயே தெரிந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது. இதுதான் உங்கள் மாப்பிள்ளைக்குப் பதில்.

இன்னும் ஒன்று, பட்டறைக்காரர் என்பதால் சொல்கிறேன். அவனுக்கு 4 வயதில் என் தம்பி வண்டியில் முன்னால் உட்கார வைத்துக் கடைக்குக் கூட்டிப் போனான். இறக்கும்போது கால் சைலன்சரில் உரசியிருக்கிறது. பையன் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தான். சாக்ஸைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். ஆற இரண்டு மாதம் ஆனது. ஒத்தடத் தண்ணீர், இஸ்திரிப் பெட்டி, வெயிலில் கிடந்த சிமெண்ட் தரை, எல்லாவற்றையும் நாம்தான் அவனுக்குப் பதிலாக உணர்ந்து பார்க்க வேண்டும். வியர்வையும் மார்புக்கு மேலேதான் வரும். எங்கள் ஊர் மே மாதத்தில் ஈரத்துணியோடுதான் திரிவேன்.

மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் டிஇஐசி என்று குழந்தைகளுக்கான மையம் இருக்கிறது, பிசியோ இலவசம். படம் எடுத்து முடிவு தெரிந்ததும் அங்கே பதிந்துவிடுங்கள். இப்போது அவன் நாலாவது படிக்கிறான். கேரம் போர்டில் என்னை ஒரு தடவைகூட ஜெயிக்க விட்டதில்லை.


பட்டறை மாமா

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் போட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரத்தம் எடுக்கும்போது தங்கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். சிஸ்டர் சொன்னபடியேதான். கால் மடங்கியது, முகம் அப்படியே இருந்தது. தங்கை வெளியே வந்து ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். டயப்பரும் எப்போதும் ஈரம்தானாம். இடது கண் இமை லேசாக இறங்கியிருக்கிறது என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள், இத்தனை நாளாக நான் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

ரவுண்ட்ஸில் பெரிய டாக்டரிடம் தங்கைதான் கேட்டாள். அவர் கோபப்படவில்லை. 'இங்கே வந்தபோது மூச்சைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலையாக இருந்தது அம்மா' என்றார். உடனே அவரே ஒரு பேனாவும் மழுங்கின ஊசியும் எடுத்துக்கொண்டு, பாதத்திலிருந்து தொட்டுக்கொண்டே மேலே வந்தார். கழுத்தடி எலும்புக்கு இரண்டு விரல் கீழே வந்ததும் அவள் முகம் சுருங்கி அழுதாள். அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். குளிப்பாட்டினால் அழிந்துவிடும் கோடுதான். எனக்கு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை மூளை, முதுகுத்தண்டு இரண்டும் எடுத்தார்கள். பால் கொடுத்துச் சுற்றித்தான் அனுப்பினோம், தூங்கிவிட்டாள். மூளை நன்றாக இருக்கிறது. கழுத்தின் 7-வது எலும்பிலிருந்து மார்பின் 2-வது வரை தண்டுவடம் வீங்கி, நடுவில் ரத்தம் கசிந்திருக்கிறது. அறுந்து போகவில்லை. வெளியிலிருந்து அழுத்துகிற ரத்தக் கட்டு இல்லாததால் ஆபரேஷன் தேவையில்லை என்றார்கள். எஸ்எம்ஏ பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பியிருக்கிறார்கள், அது வேறெதுவும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. முதல் 3 மாதத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்தால் ஓரளவு தெரியுமாம். அப்புறம் மறுபடியும் ஒரு படம் எடுப்பார்கள்.

எலும்பு 5 செ.மீ. நீளும், தண்டுவடம் தாங்காது என்று டாக்டர் எழுதியதைப் படித்தபோது எனக்கு கிளட்ச் கேபிள்தான் ஞாபகம் வந்தது. வெளி உறை புதுசு மாதிரி இருக்கும், உள்ளே பிரி பிரியாக விட்டிருக்கும். வெளியே பார்த்து நல்ல கேபிள் என்று திருப்பிக் கொடுத்து, நடுரோட்டில் நின்ற வண்டிகளை நானே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். பாதிப் பிரி இருந்தாலும் சில வண்டி ஓடும். இவளுக்கு எத்தனை பிரி மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. நானும் இப்போது அதைக் கேட்பதில்லை.

மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடி அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் செல்லை வாங்கி அவரே இன்னொரு தடவை படித்தார். நேற்று சிறுநீரக ஸ்கேன் எடுத்தார்கள், இரண்டும் நன்றாக இருக்கிறது. குழாய் போட அவரும் தங்கையும் சிஸ்டரிடம் கற்றுக்கொள்கிறார்கள். தங்கைக்குக் கை நடுங்குகிறது, அவர் சரியாகப் போட்டுவிடுகிறார்.

உரம் எடுக்கும் ஆளை அம்மா வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சும்மா இருக்க அவருக்கு முடியவில்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எத்தனை மணிக்குக் குழாய் போட்டது, எவ்வளவு வந்தது என்று மில்லிக் கணக்கில் எழுதி வைக்கிறார். படித்தது மூன்றாவதுதான், ஆனால் ஒரு வேளைகூட விடவில்லை.

நைட் டியூட்டி சிஸ்டருக்கு ஒரு கேள்வி. டிஸ்சார்ஜ் ஆகி வந்தால் வீட்டில் போட 6 சைஸ் குழாய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ராசிபுரத்தில் இரண்டு மருந்துக்கடையில் கேட்டேன், 8-க்குக் கீழே இல்லை என்கிறார்கள். சேலத்தில் கிடைக்குமா? ஒரு குழாயைக் கழுவித் திரும்பப் போடலாமா, இல்லை ஒவ்வொரு தடவையும் புதிதுதானா?


நைட் டியூட்டி

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கும் சர்ஜிகல் கடைகளில் கேளுங்கள், சாதாரண மருந்துக்கடையில் வைக்க மாட்டார்கள். 6 இல்லை என்று 8-ஐத் தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள். குழந்தைக்குப் பால் குழாயாகப் போடும் 6 சைஸ் குழாயையே சில வார்டுகளில் இதற்கும் தருவார்கள். அது ஆகுமா என்று உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். முதல் மாதங்களில் முடிந்தவரை ஒவ்வொரு தடவையும் புதிது. மொத்தமாக வாங்கினால் விலை குறையும்.

அம்மா எழுதுகிற தாளை ரிவியூவுக்குப் போகும்போது மறக்காமல் எடுத்துப் போங்கள். அளவோடு ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே டயப்பர் நனைந்ததா இல்லையா என்றும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.